நிடோ டின்னில் கிடைத்த பழைய லெகோ: எது ஒரிஜினல், எப்படிக் கழுவுவது, விட்டுப்போனதை எங்கே தேடுவது?

பழையபேட்டை_ஜெராக்ஸ்:

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். பொம்மை சேகரிப்பு பற்றி அரிச்சுவடியும் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது பெரிய நிடோ பால்பவுடர் டின் ஒன்றும் துணிப்பை ஒன்றும் கிடைத்தன. இரண்டு நிறைய பில்டிங் பிளாக்ஸ். என் மாமா எண்பதுகளில் குவைத்தில் ஒரு இங்கிலீஷ்காரர் வீட்டில் டிரைவராக இருந்தார். அந்தக் குடும்பம் ஊர் திரும்பும்போது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை அவர் அப்படியே எங்களுக்குக் கொண்டுவந்தார். அது போதாதென்று அப்பா சேலம் போய் வரும்போதெல்லாம் பஜாரில் விற்ற பிளாஸ்டிக் கட்டைகளை வாங்கி வருவார். நானும் தங்கச்சியும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித்தான் விளையாடினோம். அதனால் இப்போது எது குவைத், எது சேலம் என்று பிரிக்க முடியவில்லை.

பார்த்த அளவில் இருப்பவை: நீலக் கட்டைகள், சாம்பல் நிறத்தில் மெல்லிய தட்டுகள், மஞ்சள் கண்ணாடி போன்ற துண்டுகள், விண்வெளி வீரர்கள் மூன்று பேர் (சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று). மூன்று பேர் ஹெல்மெட்டும் தாடைப் பக்கம் உடைந்திருக்கிறது. நிலாவில் இருப்பது போல மேடுபள்ளம் உள்ள பெரிய சாம்பல் தட்டு ஒன்று, ஒரு மூலையில் விரிசல். வெள்ளைக் கட்டைகள் எல்லாம் வெண்ணெய் நிறத்துக்கு மாறிவிட்டன. பெட்டி கிடையாது, செய்முறைத் தாளும் கிடையாது.

இது எந்த செட் என்று சொல்ல முடியுமா? பஜார் கட்டைகளை எப்படித் தனியாக எடுப்பது? எங்கள் வீட்டு போர் தண்ணீரில் நாலைந்தைக் கழுவிப் பார்த்தேன், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு படிந்துவிட்டது. அப்புறம் முக்கியமான கேள்வி: விட்டுப்போன துண்டுகளை வாங்கி முழுசாக்குவதில் அர்த்தம் இருக்கிறதா, இல்லை இப்படியே டின்னில் போட்டு வைக்கலாமா? ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து ஏதோ ஒரு வண்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

---

ஓசூர்_டூல்ரூம்:

வணக்கம் சார். ஓசூரில் பிளாஸ்டிக் மோல்டிங் பண்ணுகிற இடத்தில் டூல்ரூம் வேலை எனக்கு. மோல்டு (உருக்கிய பிளாஸ்டிக் போய் உருவம் எடுக்கும் இரும்பு அச்சு) வெட்டுவது, பாலிஷ் போடுவது, ரிப்பேர் பார்ப்பது. இந்தக் கட்டைகளைச் சேர்க்கும் பழக்கமும் வேலையில் இருந்து வந்ததுதான். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செட். வீரர்களின் நெஞ்சில் தங்க நிறத்தில் ஒரு கிரகமும் அதைச் சுற்றிப் போகும் சிவப்பு விண்கலமும் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது டென்மார்க்கின் லெகோ கம்பெனி 1978இல் தொடங்கிய விண்வெளி வரிசை. சிவப்பு, வெள்ளை வீரர்கள்தான் முதலில் வந்தவர்கள். மஞ்சள் 1979, நீலமும் கறுப்பும் 1984. ஹெல்மெட் உடைந்ததற்குக் கவலைப்படாதீர்கள். அந்தக் காலத்து ஹெல்மெட்டில் தாடைப்பட்டை மிகவும் மெல்லிசு, முழுசாகக் கிடைப்பதுதான் அபூர்வம். உடைந்த தாடையே பாதி சான்றிதழ்.

மேடுபள்ளத் தட்டு, நீலம், சாம்பல், மஞ்சள் கண்ணாடி, இரண்டு சிவப்பு வீரர்கள் எல்லாம் சேர்ந்து வருவதைப் பார்த்தால் 1979இல் வந்த 928ஆம் எண் விண்வெளிக் கப்பல் செட்டாக இருக்கலாம். அமெரிக்காவில் அதையே 497 என்ற எண்ணில் விற்றார்கள். 338 துண்டுகள், வீரர்கள் நாலு பேர், சிவப்பு இரண்டு வெள்ளை இரண்டு. அப்படியென்றால் உங்களிடம் ஒரு வெள்ளைக்காரர் மிஸ்ஸிங். கப்பலின் பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே குட்டி வண்டி ஒன்று நிற்கும். தரைக்கு இரண்டு பெரிய தட்டு வரும், ஒன்று பள்ளத்தட்டு, இன்னொன்று இறங்குதளம் அச்சடித்த தட்டையான தட்டு. அந்த இரண்டாவது தட்டு டின்னில் இருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே வரிசையின் மற்ற செட்டுகளிலும் இதே நிறங்கள்தான், அதனால் போட்டோ போடுங்கள். பழைய செய்முறைத் தாள்களை ரசிகர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். செட் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். உங்களிடம் பிரிண்டர் இருக்கிறது, வேறென்ன வேண்டும்.

அடுத்து, பிரிப்பது. சுலபமான வழி, மேலே உள்ள ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்ற பெயர் பொடி எழுத்தில் எழும்பி நிற்கும். ஒரு குமிழில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும். கட்டையைத் திருப்பினால் உட்பக்கம் மோல்டு எண் இருக்கும். 2×4 கட்டை (இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு குமிழ்) என்றால் 3001, 2×2 என்றால் 3003. கண் தெரியவில்லை என்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஒரு கட்டையை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். வழவழப்பான பக்கச்சுவரில் டியூப்லைட்டின் பிம்பம் கோடாகத் தெரியும். கட்டையை மெதுவாகத் திருப்பினால் அந்தக் கோடு சுவர் மேல் ஊர்ந்து போகும். குவைத் கட்டையில் கோடு கடைசி வரை நேராக ஓடும். பஜார் கட்டையில் பெரும்பாலும் ஒரு இடத்தில் நெளிந்து, அப்புறம் நேராகும். அந்த நெளிவு சிங்க் மார்க். உட்பக்கம் பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும் இடம் கடைசியில்தான் ஆறும். ஆறும்போது சுருங்கி வெளித்தோலை உள்ளே இழுத்துவிடும். மோல்டில் தண்ணீர் ஓடும் வழி சரியில்லாமல் இருந்தாலோ, ஷாட்டுக்கு ஷாட் (மோல்டுக்குள் ஒரு தடவை பிளாஸ்டிக்கை அடிப்பது ஒரு ஷாட்) இரண்டு விநாடி மிச்சம் பிடிக்க அவசரமாக வெளியே தள்ளினாலோ இது வரும். எங்கள் வேலையில் தினமும் இதோடுதான் சண்டை.

வெர்னியர் அளவுகோல் இருந்தால் இன்னும் தெளிவு. குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். ஒரு குமிழின் மையத்தில் இருந்து அடுத்ததன் மையம் 8. கட்டையின் உயரம் 9.6, மெல்லிய தட்டின் உயரம் 3.2. மூன்று தட்டு அடுக்கினால் ஒரு கட்டை உயரம், இதில் சமரசமே கிடையாது. பஜார் கட்டையில் குமிழ் கொஞ்சம் பெரிதாக இருந்தால் கழற்றப் பல் வேண்டும், கொஞ்சம் சிறிதாக இருந்தால் தூக்கினால் கழன்று விழும். இரண்டும் நாம் எல்லோரும் அனுபவித்தது.

இப்போது நீங்கள் முக்கியம் என்று சொன்ன கேள்வி. முழுசாக்கலாம், தாராளமாக. ஆனால் பழைய துண்டுகளைத் தேடிப் பிடித்துத்தான் முழுசாக்க வேண்டும் என்று இல்லை. உள்ளே குழாய் வைத்த இந்தக் கட்டைக்கு டென்மார்க்கில் காப்புரிமை விண்ணப்பம் போட்டது 1958 ஜனவரி 28. அன்றைய அளவுதான் இன்றைக்கும். போன வாரம் வாங்கிய கட்டை உங்கள் மாமா கொண்டுவந்த கட்டையில் டக்கென்று உட்காரும். 1963க்கு முந்தைய கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக், அவை நாளாக ஆக வளைந்துவிடும். அதன் பிறகு ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக். உங்களுடையது எல்லாம் ஏபிஎஸ் காலம், பயமில்லை. ஆகவே நீலம், கறுப்பு, வெள்ளை எது குறைந்தாலும் ஏதாவது ஒரு பையனின் உடைந்த செட்டில் இருந்து எடுத்துப் போடலாம், யாருக்கும் தெரியாது.

சாம்பல் மட்டும் விதிவிலக்கு. 2004 வாக்கில் அந்தக் கம்பெனி தன் சாம்பல் நிறத்தையே மாற்றிவிட்டது. பழையது லேசாக மஞ்சள் கலந்த, சிமெண்ட் காய்ந்த மாதிரியான சாம்பல். புதியதில் நீலச்சாயல் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும். தருமபுரியில் இருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததும் அதே 2004 என்பதால் எனக்கு வருஷம் மறப்பதே இல்லை. உங்கள் கப்பலில் இறக்கை நெடுக சாம்பல் தட்டுகள்தான். ஆக, காசு செலவு செய்வதானால் பழைய சாம்பல் தட்டுகளுக்கும் அந்த நாலாவது வீரருக்கும் மட்டும் செய்யுங்கள்.

2022இல் இதே கப்பலை 10497 என்ற எண்ணில் பெரிதாக்கி 1254 துண்டுகளோடு மறுபடி விட்டார்கள். பிரமாதமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு கப்பல். அதே போல, சீல் உடைக்காத பழைய பெட்டி என்று யாராவது ஆசை காட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதை வாங்குகிறவர் அட்டைப்பெட்டிக்குத்தான் காசு கொடுக்கிறார். உள்ளே இருப்பதைத் தொட்ட நிமிஷம் விலை போய்விடும் என்றால் அது என்ன விளையாட்டுச் சாமான்?

வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். என் வீட்டில் இப்போது துண்டு பொறுக்கித் தருகிறார்கள்.

---

தருமபுரி_கெமிஸ்ட்ரி:

டூல்ரூம் தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கழுவுவதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். தருமபுரியில் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை நான். என் மகனுடைய கட்டைகளையும் என் அண்ணன் காலத்துக் கட்டைகளையும் சேர்த்துப் பராமரிக்கிற ஆள்.

ஜெராக்ஸ் கடைக்காரரே, அந்த வெள்ளைத் திட்டு பிளாஸ்டிக்கின் கோளாறு இல்லை, தண்ணீரின் கோளாறு. நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் என்றாலே எல்லோரும் ஃபுளோரைடு என்பார்கள். அது பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாது, உண்மைதான், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் கட்டையில் படிவது கால்சியம், மெக்னீசியம் உப்பு, பாத்திரத்திலும் குழாய் வாயிலும் படிகிற அதே உப்பு. கொஞ்சம் வினிகரை நாலு பங்கு தண்ணீரில் கலந்து அதில் சிறிது நேரம் போட்டு எடுங்கள், கரைந்துவிடும். கழுவுவது போர் தண்ணீரிலேயே இருக்கட்டும், கடைசி அலசல் மட்டும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள். ஆர்ஓ வைத்திருந்தால் அதுவும் சரி.

சோப்பு என்றால், பாத்திரம் விளக்குகிற திரவ சோப்பே போதும், சில சொட்டு. வலைப்பையில் போட்டு வாளிக்குள் மேலும் கீழும் அசையுங்கள். இடுக்குக்குப் பழைய டூத்பிரஷ், மெத்தென்று இருப்பது. அச்சுள்ள வீரர்களைத் தேய்க்கவே கூடாது, விரலால் தடவிக் கழுவுங்கள். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது. இதில் நம் ஊரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஏப்ரல் மே மாதம் மொட்டைமாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீர் அடுப்பில் வைக்காமலேயே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். காலையில் பிடித்து வையுங்கள். காயப்போடுவதும் வெயிலில் வேண்டாம். காட்டன் வேட்டியை விரித்து, குமிழ் கீழே இருக்கும்படி பரப்பி, ஃபேனைப் போட்டுவிடுங்கள். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர்தான் கடைசியாகக் காயும், முழுசாகக் காயாமல் டின்னில் போட்டால் நாற்றம் வரும்.

வெண்ணெய் நிறமான வெள்ளைக் கட்டை பற்றி. ஏபிஎஸ்ஸில் ரப்பர்த்தன்மை தருகிற பியூட்டாடையீன் என்ற பகுதி புற ஊதாக் கதிரும் காற்றும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதுதான் மஞ்சள். அழுக்கு இல்லை என்பதால் சோப்பு ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம்தான், அதில் முக்கி வெயிலில் வைத்தால் வெளுக்கும். அகலமான கண்ணாடிப் பாத்திரம், கையுறை, இளவெயில். மூடியை இறுக்கவே கூடாது, ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும். கட்டைகளில் குமிழி ஒட்டிக்கொண்டு மேலே தூக்கிவரும். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் திட்டுத்திட்டாக வெளுத்து அசிங்கமாகிவிடும். அதனால் மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து அமுக்கி, அடிக்கடி கிளறிவிடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியது, அச்சுள்ளது, மஞ்சள் கண்ணாடித் துண்டுகள் இவற்றை இதில் போட வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் சில வருஷத்தில் மஞ்சள் திரும்பலாம். என்னைக் கேட்டால் வெளுக்காமல் விட்டுவிடுவேன். என் அண்ணன் கட்டைகளை அப்படித்தான் வைத்திருக்கிறேன். வயதுக்கேற்ற நிறம், இருந்துவிட்டுப் போகட்டும்.

---

பழையபேட்டை_ஜெராக்ஸ்:

டூல்ரூம் அண்ணா, மேடம், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இறங்குதளம் அச்சடித்த தட்டு துணிப்பையின் அடியில் இருந்தது! நெஞ்சில் கிரகமும் இருக்கிறது, ஒருவருக்கு மட்டும் தேய்ந்து பாதிதான் தெரிகிறது. தாளை இறக்கி ஏ4இல் பிரிண்ட் போட்டு, லேமினேஷனும் செய்துவிட்டேன். சரிபார்த்ததில் பெரிய குறை சாம்பல் தட்டுகள்தான். 2×8 தட்டு ஒன்றுகூட இல்லை. மற்ற நீளத் தட்டுகளில் பாதி தங்கச்சி கடித்த பல் தடத்தோடு இருக்கின்றன.

டியூப்லைட் வித்தை அருமை. கடையில் உட்கார்ந்தபடியே பிரித்துவிட்டேன், வந்த கஸ்டமர்கள் இரண்டு பேர் கூட உட்கார்ந்து உதவினார்கள். பஜார் கட்டைகள் தனியாக ஒரு பை. சிவப்பும் பச்சையும்தான் அதிகம். அதில் ஒன்று கவனித்தேன். சில சிவப்புக் கட்டைகளின் உட்பக்கம் 5 என்று ஒரு எண் இருக்கிறது, ஆனால் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா, இல்லை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? அப்புறம் சாம்பல் தட்டுகளை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் என்ன ஆகும்?

---

பாலக்கோடு_டு_பெங்களூரு:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான். ஊர் பாலக்கோடு, பிழைப்பு பெங்களூரில்.

வெளிநாட்டில் இருந்து பார்சல் வேண்டாம் சார். பொம்மைக்கு இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆக்கினார்கள். அதற்கு மேல் ஜிஎஸ்டி. முன்னெல்லாம் கிஃப்ட் என்று எழுதி அனுப்பினால் தப்பிக்கலாம், 2019 டிசம்பரில் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கவே கூடாது, இறக்குமதிக்கும் அதே சட்டம். நாற்பது வருஷப் பழைய தட்டுக்கு எவன் முத்திரை குத்தித் தருவான்? எனக்கு ஒரு முறை தீப்பெட்டி அளவு பார்சல் ஒன்று, உள்ளே வெறும் கதவும் கீலும், கூரியர்காரர்கள் ஆவணம் கொடு ஆவணம் கொடு என்று இழுத்தடித்து, கடைசியில் பொருளின் விலையைவிட அதிகம் கட்டித்தான் எடுத்தேன். அதோடு தலை முழுகிவிட்டேன்.

பிரிக்லிங்க் என்று ஒரு தளம் இருக்கிறது. உதிரித் துண்டுகளுக்கு அதுதான் சந்தை. 2000இல் ஒரு ரசிகர் தொடங்கியது, 2019இல் லெகோவே வாங்கிவிட்டது. அதில் இந்தியாவில் இருந்து விற்பவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆள் குறைவுதான், ஆனால் வரித் தொல்லை இல்லை. துண்டு எண் போட்டுத் தேடலாம். நீங்கள் கேட்கும் 2×8 தட்டு 3034. நிறத்தில் பழைய சாம்பலும் நீலச்சாம்பலும் தனித்தனிப் பெயரில் இருக்கும், பார்த்து எடுங்கள்.

இல்லையென்றால் இங்கே பெங்களூரு வாருங்கள். கிருஷ்ணகிரியில் இருந்து பஸ் ஏறினால் எவ்வளவு தூரம்? அபார்ட்மெண்ட்களில் வெளிநாட்டில் இருந்து திரும்பிய குடும்பங்கள் வீடு மாற்றும்போது பிள்ளைகளின் கட்டைகளை டப்பாவோடு கொடுத்துவிடுகிறார்கள். சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையிலும் மூட்டையாக வரும். அங்கே ஒரு எச்சரிக்கை, லெகோ என்று நீங்கள் வாயைத் திறந்தால் விலை ஏறிவிடும். பிளாஸ்டிக் கட்டை எவ்வளவு என்று கேளுங்கள். குமிழைப் பார்த்துப் பொறுக்குவது விலை பேசி முடித்த பிறகு இருக்கட்டும். வளைகுடாவில் இன்னும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் லீவுக்கு வரும்போது பையில் ஒரு கைப்பிடி போட்டு வரச் சொல்வதும் உண்டு.

---

ஓசூர்_டூல்ரூம்:

நில்லுங்கள் சார்! அந்தச் சிவப்புக் கட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

5 ஏன் இடவலம் மாறியிருக்கிறது என்று சொல்கிறேன். கட்டையில் எழுத்து நேராக வர வேண்டுமானால் மோல்டில் அதைத் திருப்பி வெட்ட வேண்டும். ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர்களுக்கு இது தெரியும், உங்கள் கடைத் தெருவிலேயே யாராவது இருப்பார்கள். ஒரே மோல்டில் பல குழிகள் இருக்கும், ஒரு ஷாட்டுக்கு அத்தனை கட்டை விழும். எந்தக் குழியில் இருந்து விழுந்த கட்டை கோளாறு என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு குழிக்கும் ஒரு எண் வைப்பார்கள். உங்கள் 5 ஐந்தாவது குழியாக இருக்கலாம். யாரோ ஒரு புதுப் பையனிடம் எண் வெட்டும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள், அவன் நேராகவே வெட்டிவிட்டான். மேஸ்திரி பார்த்திருப்பார், ரெண்டு திட்டு திட்டிவிட்டு, உட்பக்கம்தானே, எவன் பார்க்கப் போகிறான் என்று மிஷினில் ஏற்றியிருப்பார். அதுதான் நடந்திருக்கும், எந்த டூல்ரூம்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். 1, 8 வெட்டியிருந்தால் தப்பித்திருப்பான்.

குவைத் கட்டைக்கு எல்லாப் பதிவும் இருக்கிறது. எந்த வருஷம், எத்தனை துண்டு, எந்த நிறம், ஹெல்மெட்டின் தாடைப்பட்டை எவ்வளவு மெல்லிசு, அத்தனையும் உட்கார்ந்த இடத்தில் எடுத்துவிடலாம். நம் பஜார் கட்டைக்கு என்ன இருக்கிறது? சேலத்தில் விற்றார்கள் என்பது தெரியும். மோல்டு வெட்டியது கோயம்புத்தூரா, பம்பாயா, டெல்லியா? பாலித்தீன் பையில் போட்டு ஒரு அட்டையை மடித்து ஸ்டேப்ளர் அடித்து விற்றார்கள். பையைக் கிழித்த அன்றே அட்டை குப்பைக்குப் போனது. யார் செய்தார்கள் என்று சொல்ல ஒரு எழுத்து மிச்சமில்லை. கட்டைதான் ஒரே ஆதாரம். அதையும் காப்பி, டூப்ளிகேட் என்று தூக்கி எறிந்துவிட்டால் சுத்தமாக முடிந்தது.

காப்பி என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லெகோ என்பது ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் டென்மார்க்கின் பில்லுண்டில் தொடங்கியது, மரப்பொம்மைக் கம்பெனி. 1946இல் இங்கிலாந்தில் இருந்து இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மிஷின் வாங்கினார்கள். அப்போது அவர்கள் கைக்கு வந்த மாதிரிக் கட்டை கிட்டிகிராஃப்ட் என்ற கம்பெனியுடையது, ஹிலாரி பேஜ் என்ற இங்கிலாந்துக்காரர் வடிவமைத்தது. அதை வைத்து லேசாக அளவை மாற்றித்தான் 1949இல் தங்கள் முதல் கட்டையை விட்டார்கள். அதில் உள்ளே குழாய் கிடையாது, வெறும் கூடு, பிடிப்பும் குறைவு. குழாய் வைத்ததுதான் அவர்கள் சாதனை, அதற்கு ஒன்பது வருஷம் ஆனது. கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமையை முறைப்படி வாங்கியது 1981இல். அப்புறம் காப்புரிமைக் காலம் தீர்ந்ததும் மற்றவர்கள் செய்தபோது வழக்குப் போட்டார்கள். குமிழ் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பாதுகாக்க முடியாது என்று 2005இல் கனடா உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெயரைத் திருடாதவரை வடிவம் பொதுச்சொத்து. ஆகவே சேலம் கட்டை வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று. குவைத் கட்டையையும் சேலம் கட்டையையும் சேர்த்து மாட்டி வைக்காதீர்கள். சேலம் கட்டைகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். தரையில் போட்டால் கணீரென்று கேட்கும், ஏபிஎஸ் மந்தமாக டொக்கென்று விழும். பாலிஸ்டைரீனுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. மாட்டியபடியே நாள்கணக்கில் விட்டால் மூலையில் விரிசல் விடும்.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். என்னிடம் பழைய சாம்பலில் 2×8 தட்டுகள் உபரியாக இருக்கின்றன, பல் தடம் இல்லாதவை. சிவப்பு 5 எத்தனை இருக்கிறது?

---

பழையபேட்டை_ஜெராக்ஸ்:

அண்ணா, எண்ணிப் பார்த்தேன். திரும்பிய 5 உள்ள சிவப்பு 2×4 பதினொன்று. இன்னும் நாலில் எண் நேராக 2 என்று இருக்கிறது, அப்படியானால் 2 வெட்டியவர் வேலை தெரிந்தவர் போல. ஒரு கட்டைக்கு ஒரு தட்டு என்றால் சம்மதம். பதினொன்றில் ஒன்று எனக்கு வேண்டும், பத்து தருகிறேன். தங்கச்சியிடம் போனில் சொன்னேன். தூக்கிப் போட இருந்ததற்கு இவ்வளவு கிராக்கியா, அப்படியென்றால் எனக்கும் பங்கு என்கிறாள்.

---

ஓசூர்_டூல்ரூம்:

ஒன்றுக்கு ஒன்று கட்டாது சார். போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி பேசுகிறீர்களே. இரண்டு கட்டைக்கு ஒரு தட்டு. ஆனால் நேரான 2 இருக்கிற நாலில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் மொத்தமாக எட்டுத் தட்டு தருகிறேன், கூடவே தாடை உடையாத சிவப்பு ஹெல்மெட் ஒன்று. வரும்போது பள்ளத்தட்டையும் எடுத்து வாருங்கள், விரிசலை நேரில் பார்க்க வேண்டும். அதுவரை எந்தப் பசையையும் தொட வேண்டாம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இங்கேயே மெசேஜ் போடுங்கள், வந்துவிடுகிறேன்.